முதல் முடிச்சு

பதிவு எண் 1
2023 நவம்பர் 6, திங்கட்கிழமை, காலை 8.30 மணி. பாளையங்கோட்டை.

நாளும் மணியும் இடப்படாத குறிப்பு வெறும் பேச்சு. வானிலை நிலையத்தில் உற்றுநோக்கனாக இருந்த காலமெல்லாம் என் கீழ்ப் பணியாற்றியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லி வந்தேன். ஆகவே இதற்கும் எண்ணும் மணியும் இட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை, காலை 6.10க்கு, மொட்டைமாடியில் என் சொந்த மழைமானியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி என் வலப்பக்கம் செயலிழந்தது. கால் பெரும்பாலும் மீண்டுவிட்டது. பேச்சு முழுவதும் மீண்டுவிட்டது. "பேச்சு மட்டும் கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம்" என்று என் மனைவி உலகம்மாள் என் தங்கை ஆவுடையிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். வலக்கை மீளவில்லை. இதனை இடக்கைச் சுட்டுவிரலால் கணினியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன்.

இன்று காலை மறுவாழ்வு நிலையத்திலிருந்து பியூலா என்னும் இயன்முறைப் பயிற்சியாளர் ஓர் இயந்திரக் கையுறையைக் கொண்டுவந்தார். விரல்களின் மேல் காற்றுக்குழாய்கள் ஓடுகின்றன. அருகிலுள்ள பெட்டி காற்றைச் செலுத்தினால் விரல்கள் மடங்கும், இழுத்தால் விரியும். எதிரே ஒரு சிறு திரை. அதில் ஒரு கொய்யா மரம். கை மடங்கும்போதெல்லாம் ஒரு பழம் பறிக்கப்பட்டுக் கூடையில் விழும். ஒரு சுற்றுக்கு நூறு பழங்கள்.

"மடக்கணும்னு நீங்க நெனச்சாப் போதும் சார். மிச்சத்த இது பாத்துக்கிடும்" என்றார் பியூலா.

மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன்.

"போகப் போகக் கொறச்சிருவோம் சார். கை முன்னேற முன்னேற இது பின்னால போயிரும்."

நல்ல ஏற்பாடு. கருவி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எனக்கு எதற்காகக் கை வேண்டும் என்பதையும் முதற்பதிவிலேயே குறித்துவிடுகிறேன். வரும் ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, தை 14, மக நட்சத்திரம், எனக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்தி செய்து உலகம்மாளுக்கு மீண்டும் தாலி கட்ட வேண்டும். எங்கள் வழக்கப்படி மூன்று முடிச்சுகளில் முதலாவது மட்டுமே கணவன் இடுவது. மற்ற இரண்டையும் அவன் உடன்பிறந்தாள் இடுவாள். ஆகவே என்னிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு முடிச்சு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்காக இதைச் செய்ய வேறு எவருமில்லை, இருந்தாலும் விடமாட்டேன். அந்த முடிச்சை நானே இடுவேன்.


பதிவு எண் 2
2023 நவம்பர் 8, புதன்கிழமை, காலை 8.30 மணி.

கொய்யா பதினொன்று. ரசத்தில் உப்பு மிகுதி.


பதிவு எண் 3
2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை, காலை 8.30 மணி.

கொய்யா ஒன்பது. உணவு வேண்டியிருக்கவில்லை.


பதிவு எண் 4
2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி.

கையுறை அணியவில்லை. தெருவில் வெடிச்சத்தம். உலகம்மாள் உறக்க மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள், பெற்றுக்கொண்டேன்.

மணி குறிக்கவில்லை என்பதைப் பின்னர்தான் கவனித்தேன்.


பதிவு எண் 5
2023 நவம்பர் 15, புதன்கிழமை, பிற்பகல் 2.15 மணி.

பியூலா வந்தார். வந்தவரை உலகம்மாள் அடுக்களைக்கு அழைத்துப் போய் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் பேச்சு, நான் காதுகொடுக்கவில்லை. பிறகு பியூலா பெட்டியில் எதையோ சரிசெய்து, கையுறையை மாட்டிவிட்டார்.

ஐம்பத்தெட்டுப் பழங்கள்.

திரை பழுதாகிவிட்டதோ என்று இன்னொரு சுற்றுக் கேட்டேன். அறுபத்தொன்று. விரல்கள் மடங்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன். சுண்டுவிரல் உட்பட!

"உலகு, இங்க வா. இது என் கைதானா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சற்றுநேரம் திரையையே பார்த்தாள்.

"பின்ன? ஒங்க கையில்லாம எங்கையா?"

பியூலா குனிந்து குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். மதியம் மூன்று கரண்டி சோறு கூடுதலாக உண்டேன். ரசம் சரியாக இருந்தது.


பதிவு எண் 6
2023 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, காலை 9.00 மணி.

எழுபத்திரண்டு.

முன்னேற்றம் கையுறைக்கு வெளியிலும் தெரிகிறது. முன்பெல்லாம் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க இடக்கையால் நெடுநேரம் போராடுவேன். இப்போது வலக்கை மணிக்கட்டை நெஞ்சில் வைத்து அழுத்தினால் பொத்தான் தானே இருக்கையில் அமர்ந்துவிடுகிறது. தண்ணீர்க் குவளையையும் இரு கைகளாலும் ஏந்திச் சிந்தாமல் அருந்துகிறேன். எவர்சில்வர் குவளைக்குப் பதில் மூடியிட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை உலகம்மாள் வாங்கியிருக்கிறாள். அது அழகாக இல்லை, சொன்னேன்.

ஆவுடையைத் தொலைபேசியில் அழைத்து, முதல் முடிச்சு என்னுடையதே என்று உறுதி கூறினேன்.

"அப்பிடியா அண்ணே? சரி அண்ணே. நல்லது அண்ணே" என்றாள். என் தங்கை அவ்வளவு எளிதில் எதற்கும் சரி என்று சொல்பவள் அல்லள். வயதாகிறது போலும்.

உலகம்மாளுக்குத் தோள்பட்டை வலி. என் கையுறையைச் சிலநாள் அவள் தோளுக்கு மாட்டலாம் என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.


பதிவு எண் 7
2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.20 மணி.

இன்று ஒரு வியப்பு. மதிய உணவுக்குப்பின் கையுறையுடன் அமர்ந்தவன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது சுற்று முடிந்திருந்தது. எழுபத்தொன்பது பழங்கள்!

உறங்கியபோதும் கை தன் பணியை நிறுத்தவில்லை. நீச்சல் தெரிந்தவன் நினைக்காமலே மிதப்பதுபோல, கை தன் வேலையை மீண்டும் கற்றுவிட்டது என்றே கொள்கிறேன். உலகம்மாளை அழைத்துச் சொன்னேன். அவள் "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு உலர்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள். மாடியில் துணி ஏதுமில்லை. காலையே எடுத்துவிட்டிருந்தாள்.


பதிவு எண் 8
2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை, காலை 8.30 மணி.

நேற்றுத் தொடங்கிய மழை விடவில்லை. என் வாழ்நாளில் இந்நகரில் இவ்வளவு மழையை நான் பார்த்ததில்லை. மழைமானி வழிந்துவிட்டது, ஆகவே அளவு குறிக்கும் தகுதி எனக்கில்லை. தாமிரபரணி கரைகடந்துவிட்டதாக வானொலி கூறுகிறது. எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படி வரை. மின்சாரம் இல்லை. கையுறைக்கும் இல்லை.

கைப்பேசியில் எஞ்சியிருந்த சிறிதளவு உயிரில் இதைத் தட்டுகிறேன்.


பதிவு எண் 9
2023 டிசம்பர் 20, புதன்கிழமை, மாலை 6.45 மணி.

இன்னும் மின்சாரம் வரவில்லை. கைப்பேசிக்குப் பக்கத்து வீட்டு மின்கலத்திலிருந்து சிறிது உயிரேற்றிக்கொண்டேன். இருட்டத் தொடங்கியபோது உலகம்மாள் விளக்கேற்ற, நான் மின்கலக் கைவிளக்கை வலக்கையால் பிடித்துக் காட்டினேன். பிடித்துக் காட்ட முயன்றேன். அது தரையில் விழுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போய் எரிந்துகொண்டிருந்தது.

"ஈரத்துல கை வெறைச்சுப் போயிருக்கும்" என்றாள் உலகம்மாள், நான் கேட்பதற்கு முன்பே.

விறைத்துத்தான் போயிருக்க வேண்டும்.

பிறகு இருட்டில் அமர்ந்து, விரல்களை மடக்கச் சொல்லிப் பலமுறை கட்டளையிட்டேன். கட்டைவிரல் சிறிது நகர்ந்தது. மற்றவை என் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை.


பதிவு எண் 10
2023 டிசம்பர் 21, வியாழக்கிழமை, பிற்பகல் 2.40 மணி.

காலை 9.05க்கு மின்சாரம் வந்தது. கையுறையை அணிந்தேன். எண்பத்தொன்று.

நான் அதைக் கழற்றிவிட்டு நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தக் கருவியையும் நம்புவதற்குமுன், அளக்க ஒன்றுமே இல்லாதபோது அது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். காற்றே இல்லாத அறையில் காற்றுமானி சுழியை, அதாவது பூச்சியத்தை, காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வேறுபாட்டைச் சுழிப் பிழை என்போம். புதிதாகச் சேரும் உதவியாளருக்கு முதல்நாள் கற்றுத்தரும் பாடம் இது. இந்த ஆறு வாரங்களில் நான் அதை ஒருமுறைகூடச் செய்யவில்லை. எண் எனக்குப் பிடித்திருந்தது; ஆகவே அதைச் சோதிக்கவில்லை.

உலகம்மாள் குடிநீர் வண்டிக்காகத் தெருமுனைக்குப் போயிருந்தாள். அடுக்களையில் ஒரு கட்டு காராமணிக் காய் இருந்தது. நீளமானவை, வளையக் கூடியவை. விரலுக்கு இரண்டாகக் கையுறைக்குள் செருகி, மணிக்கட்டுப் பட்டையைக் கட்டி, இயந்திரத்தை ஓடவிட்டேன்.

காராமணிக் காய் எண்பத்து நான்கு பழங்கள் பறித்தது.

என்னைவிட மூன்று அதிகம்.

காய்களை உருவித் துடைத்து, இரண்டு நீங்கலாக, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பிறகு என் சட்டைகள் அனைத்தையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பொத்தானும் துளையின் மேற்புறம் நூலால் அசையாமல் தைக்கப்பட்டிருந்தது. அடியில், அழுத்தினால் பற்றிக்கொள்ளும் ஒட்டுப்பட்டை. மிக நேர்த்தியான தையல். அவளுக்குத் தோள்வலி வந்தது எப்படி என்பது விளங்கிற்று.

மதியம் அந்தக் காயிலேயே அவியல் வைத்தாள். வெள்ளத்துக்குப்பின் வேறு காய் கிடைக்கவில்லை. உண்டேன்.


பதிவு எண் 11
2023 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை, காலை 8.30 மணி.

அறிந்ததை எவரிடமும் கூறவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.


பதிவு எண் 12
2023 டிசம்பர் 23, சனிக்கிழமை, பிற்பகல் 2.10 மணி.

காலை 10.30க்குப் பியூலா வந்தார். உலகம்மாளையும் கூடத்துக்கு அழைத்தேன். காராமணிக் காய் இரண்டை மட்டும் நேற்று முன்தினமே எடுத்து வைத்திருந்தேன். அவற்றை மேசைமீது வைத்து, "இவர்தான் உங்கள் புதிய நோயாளி. எண்பத்து நான்கு வாங்கியிருக்கிறார். என்னைவிட விரைவாகத் தேறி வருகிறார்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்தப் பார்வைதான் எனக்கு வேண்டிய சான்று.

"சார், ஒரு வாரத்துக்குத்தான் உதவிய முழுசா ஏத்தி வச்சேன்" என்றார் பியூலா. "நீங்க ரொம்பச் சோர்ந்து போயிட்டிய. ஒரு தெம்பு வரட்டும்னு. அடுத்த வாரமே எறக்கிருவோம்னு அம்மாட்டச் சொன்னேன். அம்மாதான் வேண்டாம்னாங்க. எங்க மேனேஜருக்கும் மார்க் ஏறுனாச் சரி. எம்மேலயும் தப்புதான் சார்."

"பழத்தின் எண்ணிக்கை என் முயற்சியைக் காட்டவில்லையா?"

"முயற்சி அளவு உள்ள வேற பக்கத்துல இருக்கு சார். அது நாங்க மட்டும் பாக்கறது."

காட்டச் சொன்னேன். காட்டினார். நவம்பர் 15 முதல் நேற்று வரை ஒரே சமதரை. பாலைவனத்தின் மழைக்கணக்கு அப்படி இருக்கும்.

இழந்ததை மீட்க இயலுமா என்று கேட்டேன்.

"மொத மூணு மாசந்தான் சார் மூள வேகமாப் படிக்கும். அதுக்கப்புறமும் படிக்கும். ஆனா மெதுவா."

செப்டம்பர் 29 முதல் மூன்று மாதம் என்பது டிசம்பர் 29. இன்று 23.

பியூலா அழுதுகொண்டே போனபின் நான் உலகம்மாளிடம் பேசினேன். பேசியதை உள்ளபடியே எழுதுகிறேன், திருத்தவில்லை.

"நெசத்தச் சொல்லு. யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆவுடைக்குத் தெரியும். திரவியத்துக்குத் தெரியும்." திரவியம் அவள் தம்பி. "மேல ரத வீதி ஐயருக்கும் சொல்லிட்டேன். நீங்க சரட்டத் தொட்டாப் போதும், மூணு முடிச்சையும் ஆவுடை போட்டுருவான்னு பேசி வச்சிருக்கு."

"நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. எல்லாவனும் தெரிஞ்சுக்கிட்டேதான் தலைய ஆட்டுனானா?"

"என்ன பண்ணச் சொல்லுதிய? தீபாவளியன்னைக்கு நீங்க சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டிய. பச்சத் தண்ணி எறங்கல. தலகாணி உறைக்குள்ள மாத்திரயச் சேத்து வச்சிருந்தியள, அத எடுத்தது யாருன்னு நெனச்சிய? பூனையா?"

மாத்திரை இவ்வழக்கில் சேராது. அது வேறு பொருள்.

"அந்தப் பிள்ள பெட்டியத் திருகுனா. அம்பது பழம் வுழுந்துச்சு. நீங்க சிரிச்சிய. அத எந்த வாயால நான் கொறைக்கச் சொல்லுவேன்?"

"ஒங்கிட்டக் கேட்டனே. இது என் கைதானான்னு ஒங்கிட்டக் கேட்டனே, உலகு. நீ திருடுனது பழமில்ல. என் நாளு."

"ஆமா, திருடுனேன்" என்றாள். அவள் அழவில்லை. "ஒங்க நாளத் திருடித்தான் ஒங்களுக்கே குடுத்தேன். இல்லன்னா இன்னைக்கு எங்கிட்டச் சண்டை போட யாரு இருந்திருப்பா?"

நான் அறைக்குள் சென்று கதவைச் சாத்தினேன். இடக்கையால்.


பதிவு எண் 13
2024 ஜனவரி 4, வியாழக்கிழமை, காலை 8.30 மணி.

பியூலாவிடம் உதவியை அடிமட்டத்துக்கு இறக்கவும், முயற்சிப் பக்கத்தை எனக்கும் திறந்துவிடவும் சொன்னேன். செய்தார். நூற்றுக்கு நான்கு. அவமானமாக இருந்தது. ஆனால் அது என் நான்கு.

உலகம்மாளுடன் தேவையானவை மட்டும் பேசுகிறேன். "தண்ணீர்." "மருந்து." "போதும்." அவளும் அவ்வாறே. நாற்பது ஆண்டுகளில் இவ்வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. முன்பு நான் விரும்பிய அமைதி இதுதான் என்று நினைக்கிறேன்.

முடிச்சிடுவது பற்றிப் பியூலா ஒரு வழி சொன்னார். வலக்கை முடிச்சிட வேண்டியதில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே சரட்டின் ஒரு நுனியை அசையாமல் பிடித்தால் போதும். சுற்றும் வேலையை இடக்கை செய்யும். எனக்கு எஞ்சியுள்ள அசைவு அதற்குப் போதுமானது. அந்தப் பிடி ஒன்றையே பயில்வது என்று தீர்மானித்தேன். ஜன்னல் கம்பியில் ஒரு நூற்கயிற்றைக் கட்டிப் பயில்கிறேன். இடக்கை உதவலாமா என்று என்னையே வினவினேன். உதவுவது என் கைதான். எனக்குத் தெரிந்து உதவுகிறது. ஆகவே ஏற்றுக்கொண்டேன்.


பதிவு எண் 14
2024 ஜனவரி 15, திங்கட்கிழமை, பொங்கல், காலை 10.00 மணி.

பத்துக்கு மூன்று முறை நுனி நழுவாமல் நிற்கிறது. சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நெய் அதிகம் என்று சொல்ல வாய்வரை வந்தது. பேசாத விரதம் நினைவுக்கு வந்ததால் சொல்லவில்லை.


பதிவு எண் 15
2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை, மாலை 5.30 மணி.

பத்துக்கு எட்டு. ஆவுடை கோவில்பட்டியிலிருந்து வந்துவிட்டாள். வந்தவுடன், "முதல் முடிச்சை நீ தொடக் கூடாது, தொட்டால் நான் பந்தலைவிட்டு எழுந்துபோவேன்" என்று கூறினேன்.

"நான் ஏன் தொடுதேன்? ஒங்க பொஞ்சாதி, ஒங்க முடிச்சு" என்றாள். "ஆனா அண்ணே, மதினி கூடப் பேசிருங்க. பேசாம தாலி கட்டுனா அது என்ன கல்யாணம்?"

எண் 12இல் உள்ளதைப் படித்துக்காட்டி நியாயம் கேட்கலாமா என நினைத்தேன். அவளுக்கும் அதில் பங்குண்டு என்பதால் விட்டுவிட்டேன்.


பதிவு எண் 16
2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, மாலை 7.00 மணி.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஏறத்தாழ அறுபது பேர். கலச நீராட்டு முடிந்து, புத்தாடை உடுத்தி, 9.40க்கு மணையில் அமர்ந்தோம். என் சட்டையில் பொத்தான்கள் துளைகளுக்குள் இருந்தன. ஆவுடை போட்டுவிட்டாள், நான் அறிய. தட்டில் தாலியை வைத்து ஐயர் நீட்டினார்.

அப்போதுதான் என் பிழையைக் கண்டேன். மூன்று வாரமாக நான் பயின்றது ஜன்னலில் தொங்கிய உலர்ந்த நூற்கயிற்றில். தட்டிலிருந்த சரடோ மஞ்சளை அரைத்துப் பூசி, இன்னும் ஈரமாக, மீனைப்போல் வழுக்கியது. தாலிச் சரட்டில் மஞ்சள் பூசுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? கருவியைச் சோதித்தேன், கையைச் சோதித்தேன், கயிற்றைச் சோதிக்கவில்லை.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று யாரோ கூவினார்கள். நாதசுரமும் தவிலும் ஒன்றாக எழுந்தன. உலகம்மாள் தலைகுனிந்தாள். சரட்டை அவள் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, வலக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு நுனியைச் செருகினேன். பிடித்தது. இடக்கையால் மற்ற நுனியைச் சுற்றினேன். இழுத்தேன். வலக்கையிலிருந்த நுனி நழுவியது. மீண்டும் செருகினேன். மீண்டும் நழுவியது.

"என்ன அத்தான், நாப்பது வருசமாகியும் எங்க அக்காட்டப் பயம் தெளியலியா?" என்றான் திரவியம். எல்லோரும் சிரித்தனர். தவில்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே நீட்டி வாசித்தார். என் பின்னால் ஆவுடையின் மூச்சுச் சத்தம் கேட்டது. அவள் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காத்தாள்.

மூன்றாம் முறை நுனி நழுவத் தொடங்கியபோது, உலகம்மாள் தன் வலக்கையைத் தூக்கிப் பிடரிப் பூச்சரத்தை ஒதுக்குவதுபோல் பின்னால் கொண்டுவந்தாள். தலையைத் திருப்பவில்லை. அவள் சுட்டுவிரல் பூவுக்கு அடியில் ஊர்ந்து வந்து, நழுவிய நுனியைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. என் பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல் இருந்தது. இடக்கை அதற்குள் தன் சுற்றை முடித்துவிட்டது. நான் இழுத்தேன். அவள் விரலை உருவிக்கொண்டாள். முடிச்சு விழுந்தது.

"அண்ணனே கட்டிட்டாவ! மதினி, அண்ணனே கட்டிட்டாவ!" என்று ஆவுடை அழுதுகொண்டே மற்ற இரண்டு முடிச்சுகளையும் இட்டாள். மண்டபம் முழுதும் கைதட்டல். பியூலா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் அழுதார்.

நான் அப்போதே எழுந்து உண்மையைக் கூறியிருக்க வேண்டும். மேளம் ஓயட்டும் என்று காத்திருந்தேன். மேளம் ஓய்ந்தபோது எல்லோரும் எங்கள் காலில் விழுந்து ஆசி வாங்கத் தொடங்கியிருந்தனர். அறுபது பேருக்கும் நான் இடக்கையால் விபூதி பூசினேன், வெற்றி பெற்றவனைப்போல. இதுவரை என்னை ஏமாற்றியவர்கள் மட்டுமே இருந்தார்கள். இன்று முதல் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதைச் செய்ததும் அவளே.

வீடு திரும்பியபின் கேட்டேன். முப்பத்தாறு நாட்களாக ஒற்றைச் சொல்லில் பேசியவன் ஒரு முழு வாக்கியம் பேசினேன்.

"எதுக்குடி கைய வச்ச?"

"நழுவுச்சு. பிடிச்சேன்."

"நான் ஒங்கிட்டக் கேக்கலையே."

அவள் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க என்னைக்குக் கேட்டிய?"


பதிவு எண் 17
2024 ஜனவரி 31, புதன்கிழமை, இரவு 9.00 மணி.

மறுவாழ்வு நிலையத்தின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். பியூலா எடுத்த படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டப் போகிறார்களாம். துண்டறிக்கையிலும் அச்சிடுவார்களாம். "இயந்திரக் கையுறையின் வெற்றி: எழுபது வயதில் தம் கையால் தாலி கட்டினார்" என்பது வாசகம். ஒப்புதல் படிவமும் படத்தின் பிரதி ஒன்றும் மாலையில் வந்து சேர்ந்தன.

படம் தெளிவாக இருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தின்மேல் குனிந்திருக்கிறேன். உலகம்மாள் கண்ணை மூடியிருக்கிறாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பூச்சரத்துக்கு அடியில் அது தெரிகிறது. இருக்கிறது என்று அறிந்தவனுக்கே தெரியும்.

உலகம்மாள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான வுழுந்திருக்கு. கொடுத்துருங்க. நாலு பேருக்குத் தெம்பா இருக்கும்."

"பொய்யான தெம்பு."

"தெம்புல நெசமென்ன பொய்யென்ன" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்தே, "சாப்பிட வாரியளா, இல்ல சண்ட போடுதியளா?" என்றாள்.

சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு சற்றுக் குறைவு. சொன்னேன்.


பதிவு எண் 18
2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை, காலை 8.30 மணி.

இன்று அஞ்சலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

மறுவாழ்வு நிலைய மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, 31.01.2024 அன்று தாங்கள் அனுப்பிய ஒப்புதல் படிவம் கிடைத்தது. அதில் நான் கையொப்பமிட இயலாது. காரணங்கள் பின்வருமாறு.

நவம்பர் 15 முதல் டிசம்பர் 23 வரை தங்கள் இயந்திரம் என் கையை அசைத்தது. என் கை அசையவில்லை. அந்நாட்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கா. இதற்குப் பியூலா அவர்களை மட்டும் பொறுப்பாக்க வேண்டாம். தவற்றை அவர் என் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டார். மற்ற எவரும் இன்றுவரை அதைச் செய்யவில்லை. இனி தங்கள் நோயாளிகள் அனைவருக்கும் முயற்சி அளவின் பக்கத்தை முதல்நாளே திறந்து காட்டுக. எண் சிறிதாக இருக்கும். பார்த்து அழுபவர் அழட்டும். தம் கையின் நிலையைத் தாமறிய அவருக்கு உரிமை உண்டு.

ஜனவரி 28 அன்று இடப்பட்ட முதல் முடிச்சு தங்கள் இயந்திரத்தின் வெற்றி அன்று. என் வலக்கையின் வெற்றியும் அன்று. அன்றைய நிகழ்வு பற்றி வேறொருவருடன் எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அது எங்கள் வீட்டுக்குள் நடப்பது. தங்கள் சுவரில் மாட்டுவதற்கு உரியது அன்று.

கையுறையை இன்னும் ஆறு மாதங்களுக்கு என்னிடமே இருக்க விடுக. இன்றைய என் முயற்சி அளவு ஒன்பது.

இப்படிக்கு,
ச. ஆறுமுகநயினார்,
உற்றுநோக்கர் (ஓய்வு).

இணைப்புகள்:

1. 21.12.2023 அன்று செய்த சுழிச் சோதனையின் விவரம், ஒரு பக்கம்.

2. 04.01.2024 முதல் இன்றுவரை என் முயற்சி அளவுகள், ஒரு பக்கம்.

3. தங்கள் ஒப்புதல் படிவம், கையொப்பமின்றி.

4. புகைப்படம் ஒன்று. பூச்சரத்தின் அடியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டுள்ள விரல் என்னுடையது அன்று. என் மனைவி உலகம்மாளுடையது. பார்த்தபின் இதனை மட்டும் பத்திரமாகத் திருப்பி அனுப்புக. எங்களிடம் வேறு பிரதி இல்லை.